கேட் வால்வு இருக்கும் இடம்

பெல்லை அழுத்தியிருப்பீர்கள். மூன்று முறையா? தெரியும். அழுத்தி, யாரும் வராமல், கடைசியில் கதவைத் தட்டியிருப்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை அண்ணா. எங்கள் வீட்டு பெல் அடிக்க வேண்டுமென்றால் சமையலறை லைட் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் இன்னாசிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அவன் பேச்சையே எடுப்பதில்லை என்று ஐந்து வாரமாக ஒரு முடிவில் இருக்கிறேன்.

உள்ளே வாருங்கள். செருப்போடு வந்தாலும் பரவாயில்லை. வீட்டில் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி பெங்களூர் போனாள். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவள் இன்னும் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஐயோ, அந்த சுவிட்சைத் தொடாதீர்கள்! அது பாத்ரூம் லைட் இல்லை. பாத்ரூம் லைட் மாதிரி பாத்ரூம் வாசலில் இருக்கும், அவ்வளவுதான். அதைப் போட்டால் மோட்டார் ஓடும். போன வருடம் விருந்தாளி ஒருவர் போட்டார். லைட் எரியவில்லை, சரி பல்பு போய்விட்டது என்று இருட்டிலேயே வேலையை முடித்துக்கொண்டு, நாகரிகமான மனிதர், எங்களிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டார். அரை மணி நேரம் கழித்து மொட்டை மாடியிலிருந்து அருவி. பாத்ரூம் லைட் வேண்டுமானால் ஹாலில், ஃபேன் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் அவன் கைவண்ணம். அவன் என்றால் அவன்தான். பேர் சொல்லப் போவதில்லை.

இதோ, இந்தக் குழாய்தான். நான் படுக்கிற அறைக்கு இந்தப் பக்கம். கேட்கிறதா? நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு. எண்ணியிருக்கிறேன். டம்ளரில் பிடித்து எடையும் போட்டிருக்கிறேன், மணிக்கு நூற்றிருபது கிராம். சிரிக்காதீர்கள், என் தொழில் அது. பைபாஸில் லாரியை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற மேடை இருக்கிறதே, அதில் ராத்திரி ஆபரேட்டர் நான். பத்தொன்பது வருடம். சங்ககிரி தூங்கும்போது நான் லாரிக்கு எடை போடுகிறேன். சங்ககிரி எழுந்து பல் விளக்கும்போது நான் வந்து படுக்கிறேன். படுக்கிறேன் என்பதுதான் சரி. தூங்குகிறேன் என்று சொன்னால் அது பொய் எடை. இரண்டு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். அப்படியும் எண்ணிக்கை மட்டும் நிற்காது.

தண்ணீரை அடைக்கிற கேட் வால்வு எங்கே என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. நானும் இரண்டு வருடமாக அதைத்தான் கேட்கிறேன். பின்பக்கம் புதுக் குழாய் போடுகிறேன் என்று அவன் மண்ணைத் தோண்டியபோது நான் தூக்கத்தில் இருந்தேன். எழுந்து வந்து பார்த்தால் எல்லாவற்றையும் மூடி, மேலே சிமெண்ட் பூசி, கால் கழுவிக்கொண்டிருக்கிறான். "வால்வு எங்கடா வெச்சே?" என்றேன். "அது உனக்கு எதுக்கு மாப்ளே? வேணும்னா என்னையக் கூப்புடு" என்றான். இது ஒரு நியாயமான பேச்சா? சொல்லுங்கள். வீடு என்னுடையது, தண்ணீர் என்னுடையது, வால்வு மட்டும் அவனுடைய ரகசியமா? அவன் கம்ப்யூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை நான் அவனுக்குச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். அது பாதுகாப்பு.

போன் பண்ணிக் கேட்பதா? முடியாது. பின்னால் தேடுங்கள், எங்கேயாவது இருக்கும். இந்தாருங்கள், முதலில் டீ. இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்றால் கை தானாக இரண்டு போட்டுவிடுகிறது. போன நாலு ஞாயிறும் இரண்டையும் நானே குடித்தேன். இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள். அதற்காகத்தான் ஞாயிறு பத்து மணிக்கே வரச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஒழியும் நேரம் அது, அவ்வளவுதான்.

சரி, கேட்கிறீர்கள், சொல்கிறேன். இன்னாசிமுத்து தார்ப்பாய் தைக்கிறவன். எடை மேடைக்கு எதிர்ச்சாரியில் கடை. லாரிக்காரர்கள் கிழிந்த தார்ப்பாயைப் போட்டுவிட்டு என் மேடைக்கு வருவார்கள், எடை போட்டுவிட்டு அவன் கடைக்குப் போவார்கள். அப்படித்தான் பழக்கம். தார்ப்பாய் தைக்கிறவன் தார்ப்பாய் தைக்க வேண்டும் அல்லவா? அவனுக்கு ஊசி பிடிக்கிற கையால் உலகத்தில் எதையும் பிடிக்கலாம் என்று எண்ணம். வயரிங் பண்ணுவான், குழாய் போடுவான், டைல்ஸ் ஒட்டுவான். எல்லாம் எங்கள் வீட்டில் மட்டும். அவன் வீட்டில் ஒரு ஆணி அடிக்க பிலோமினா விடமாட்டாள். பிலோமினா அவன் மனைவி, புத்திசாலி.

நான் அப்படி இல்லை. நான் முறையாகக் கற்றுக்கொண்டவன். வாத்தியார் கிடையாது, அவ்வளவுதான். மேடையில் கம்ப்யூட்டர் வைத்த முதல் வருடம், லாரிக்கும் லாரிக்கும் நடுவில் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். முதல் இரண்டு மாதம் அது பெரும்பாலும் கழன்றேதான் கிடந்தது. முதலாளி கையால் சீட்டு எழுதச் சொன்னார். அதெல்லாம் படிப்புக்கு ஆகும் விலை. பிறகு மேடைக்குப் புதுசு வந்தபோது பழையதை வாங்கி, வேறு இரண்டு செத்த மெஷின்களிலிருந்து உறுப்பு எடுத்து, இன்னாசிக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தேன். பவர் பட்டன் மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பழைய காலிங் பெல் சுவிட்சை எடுத்து வைத்தேன். பிரமாதமாக வேலை செய்தது. மணி படம் போட்டிருக்கும். அமுக்கினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். அதற்குப் பதிலாகத்தான் அவன் எங்கள் வீட்டுக்குப் புது பெல் போட்டான், சமையலறை லைட்டிலிருந்து கரண்ட் எடுத்து.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. இவனுக்கு அவன், அவனுக்கு இவன், காசுப் பேச்சே கிடையாது. ஞாயிறு காலைப் பூசை முடிந்து பத்து மணிக்கு வருவான். ஸ்பானரை எடுப்பான். இந்தக் குழாயைக் கழற்றுவான், மாட்டுவான், சொட்டு நிற்கும். புதன்கிழமை வரை நிற்கும். வியாழன் ஆரம்பிக்கும். "பழைய குழாய்டா, அப்புடித்தான் இருக்கும். அடுத்த வாரம் பாக்கலாம்" என்பான். பன்னிரண்டு வரை பேசிக்கொண்டிருப்போம். குழாயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? எதையாவது பேசுவோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவன் கம்ப்யூட்டர் நின்றுபோகும். நான் போவேன். பிலோமினா சாப்பிடச் சொல்லுவாள். மீன் குழம்பு.

அங்கே இல்லை அண்ணா, அது செப்டிக் டேங்க் மூடி. அதைத் திறந்தால் வேறு கதை வரும். அந்தக் கறிவேப்பிலைப் பக்கம் பாருங்கள்.

இப்போது கேளுங்கள், துரோகம் எப்படி நடந்தது என்று. பிலோமினாவுக்குக் கோவிலில் பாடகர் குழு. தவக்காலம், ஈஸ்டர், எல்லாவற்றுக்கும் பாட்டு டைப் அடித்து வைப்பாள். ஆறு வருடமாக அடித்தது. ஒரு பாட்டுக்காவது பேர் வைத்திருக்க வேண்டாமா? டாகுமென்ட் ஒன்று, டாகுமென்ட் இரண்டு என்று நூற்று நாற்பத்து மூன்று. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஒரே பேரில் நூற்று நாற்பத்து மூன்று கிடந்தால் எந்த மனிதனுக்கும் என்ன தோன்றும்? குப்பை என்று தோன்றும். அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அரைகுறையாக வேலை செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதன் பிறகு கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது, அதை மட்டும் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

அது ஞாயிறு. புதன்கிழமை பிலோமினா பாட்டைத் தேடுகிறாள், காணோம். நாலு நாளில் குருத்தோலை ஞாயிறு. அவள் அலற, இவன் பதறி சிபியுவை ஓங்கி ஒரு தட்டுத் தட்ட, அதுவும் படுத்துவிட்டது. பகல் பன்னிரண்டு மணி. எனக்குப் போன். ஆஃப். நான் தூங்குகிறவன், அது அவனுக்குத் தெரியாதா? வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். பெல்லை அழுத்தியிருக்கிறான். சமையலறை லைட் எரியவில்லை, எப்படி அடிக்கும்? அவன் போட்ட பெல், அவனுக்கே அடிக்கவில்லை! கதவைத் தட்டியிருக்கிறான். என் காதில் பஞ்சு. ஏன் பஞ்சு? இந்தக் குழாய் சொட்டுவதால். வழக்கமாகப் புதன் வரை நிற்குமே, அந்த வாரம் செவ்வாயே ஆரம்பித்துவிட்டது. கணக்காகப் பார்த்தால் எல்லாம் அவன் வேலை. ஆனால் நான் குற்றவாளியாம்.

சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். ஐந்து மணிக்கு எழுந்தேன், போனைப் போட்டேன், பதினேழு மிஸ்டு கால். முகம்கூடக் கழுவாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் நான் கட்டிய கம்ப்யூட்டர் வயிற்றைப் பிளந்து கிடக்கிறது. பக்கத்தில் மெயின் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரர் நிற்கிறார். சட்டைப் பையில் பேனா டார்ச். பன்னிரண்டு வருடம் நான் பார்த்த உடம்பு அண்ணா அது. அடுத்தவன் கை.

பாட்டை மீட்டுவிட்டாராம். எத்தனை? நூற்று நாற்பத்தொன்று. இரண்டு வரவில்லை. "பார்த்தீங்களா தங்கச்சி, முழுசா வரலை" என்று பிலோமினாவிடம் எடுத்துச் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் தவக்காலம் நாற்பது நாளும் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் போகட்டும். அந்தக் கடைக்காரர் ரெண்டு விரலால் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மடித்த காகிதம். ரேம் என்று ஒரு பட்டை இருக்கும், அதன் கொக்கி சரியாகப் பூட்டாமல் இருக்க யாரோ இதைச் சொருகி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழன்று கழன்று நின்றிருக்கிறது என்கிறார். இன்னாசி அதை வாங்கிப் பிரித்தான். எங்கள் மேடையின் எடைச்சீட்டு. அவனுக்குக் கண்ணாடி போட்டால்தான் எழுத்துத் தெரியும். போட்டுக்கொண்டு கோவிலில் வாசகம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தான். "சரக்கு, மரவள்ளிக் கெழங்கு. நிகர எடை, பத்து டன் நூத்தி அறுவது கிலோ. ஆபரேட்டர், அத்தியப்பன்." அத்தியப்பன் நான்தான். "இந்தக் கெழங்கு லோடு எங்க ஊட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள எப்புடிடா வந்துச்சு?"

நான் விளக்கினேன். எங்கள் ஊர் வெயிலுக்கு உலோகம் விரியும். விரிய இடம் வேண்டும். அதற்காக ஒரு பேக்கிங். அது ஒரு டெக்னிக், கடை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியாது. நன்றாகத்தான் விளக்கினேன். அவன் கேட்கவே இல்லை. சீட்டை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "வரோணும்னா சும்மா வரலாமேடா. அதுக்கு எதுக்கு இதைக் கெடுத்து வெக்கறே?" என்றான்.

சும்மா வருவதாம்! கேட்டீர்களா? ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஆம்பிளை இன்னொருத்தன் வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வான்? சும்மா வந்தேன் என்றா? பைத்தியம் என்று நினைக்கமாட்டார்களா? யார் வீட்டுக்கு யார் சும்மா போகிறார்கள் இந்தக் காலத்தில்? நீங்கள் சும்மாவா வந்தீர்கள்?

எனக்கும் வாய் இருக்கிறதே. "என் ஊட்டைப் பூராத்தையும் கெடுத்து வெச்சிருக்கறவன் நீ பேசறியா? தார்ப்பா தைக்கறவன் தார்ப்பாயைத் தை. இனிமே எங்க ஊட்டுப் படியேறாதே" என்றேன். கடைக்காரர் முன்னாலேயே சொன்னேன். பிலோமினா, "அண்ணா, வேண்டாம், டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். நான் குடிக்கவில்லை. இன்னாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. படியேறாதே என்றால் உடனே ஏறாமல் இருந்துவிடுவதா? இத்தனை வருடத்தில் நான் சொன்ன எதைக் கேட்டிருக்கிறான் அவன்? மோட்டார் சுவிட்சை பாத்ரூம் வாசலில் வைக்காதே என்றேன், கேட்டானா? இதை மட்டும் கேட்டுக்கொண்டான். ராத்திரி மேடையிலிருந்து பார்த்தால் எதிரே அவன் கடை ஷட்டர் தெரியும். பார்ப்பதில்லை. தெரிகிறது.

என்ன, கிடைத்துவிட்டதா? துவைக்கிற கல்லுக்கு அடியிலா! இரண்டு வருடமாக அந்தக் கல்லில்தான் என் லுங்கியைத் துவைக்கிறேன். சரி, வால்வை மூடுங்கள், குழாயைக் கழற்றி வேலையை முடியுங்கள். நான் இந்த வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அட, நின்றுவிட்டதே.

நின்றுவிட்டது. பத்து நிமிட வேலையா இது? இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நினைக்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடுவதெல்லாம் கேட்கிறது.

என்ன காட்டுகிறீர்கள்? வாஷரா? நன்றாகத்தானே இருக்கிறது. புதுசா? புது வாஷர் ஏன் சொட்ட வேண்டும்? நூலா? எங்கே, இப்படி வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வாஷருக்கு அடியில் சுற்றியிருந்ததா?

இல்லை அண்ணா, தவறி விழுந்திருக்கும். முடிச்சுப் போட்டிருக்கிறதா? சரி, முடிச்சுப் போட்டிருந்தால் ஏதாவது காரணம் இருக்கும். ஒரு பேக்கிங். குழாய் வேலையில் அப்படி ஒரு டெக்னிக் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வாஷர் உட்காராமல் இருக்க வேண்டுமென்றே வைத்தது என்கிறீர்களா? இருபது வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன் என்கிறீர்கள். சரி. சரி, நான் சொல்லவில்லை.

நீல நைலான். தார்ப்பாய் நூல். இந்த முடிச்சும் எனக்குத் தெரியும். மூலையில் வளையம் தைத்த பிறகு கடைசியில் போடுவான். பல்லால் கடித்து அறுப்பான், பாருங்கள், முனை நசுங்கியிருக்கிறது.

திருட்டுப் பயல்.

பார்த்தீர்களா அண்ணா, பார்த்தீர்களா! சும்மா வரலாமேடா என்று என்னிடம் கேட்கிறான்! கண்ணாடி போட்டுக்கொண்டு எடைச்சீட்டை வாசிக்கிறான்! வாரா வாரம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்து, பழைய குழாய்டா என்று சொல்லி, என் கண் முன்னாலேயே உட்கார்ந்து நூல் சுற்றியிருக்கிறான். நானும் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். எத்தனை வருடம்! எத்தனை பகல் தூக்கம்! மணிக்கு நூற்றிருபது கிராம்! இவனை விடுவதா? இப்போதே கேட்கிறேன். போன் எங்கே? நீங்களே சாட்சி, இங்கேயே நில்லுங்கள்.

ரிங் போகிறது. எடுக்கமாட்டான். ஏன் எடுக்கப் போகிறான், திருடன்... ஹலோ. இன்னாசி? நான்தான். ம். நல்லாருக்கேன். நீ? ம். ஒண்ணுமில்லை. இல்லடா, ஒண்ணுமில்லைன்னுதான் சொல்றேன். கேட் வால்வு எங்க வெச்சே? பிளம்பர் வந்திருக்காரு. தேடித் தேடிப் பாத்துட்டாரு, கிடைக்கலை. ம். ஆமா, வெளியாளுதான். சொட்டுதே, என்ன பண்றது? ம். இரு, இரு, கத்தாதே. சரி. சரிடா. தொட விடலை. ம்.

வைத்துவிட்டான்.

"எவன்டா அவன்? ஒண்ணையும் தொட வேண்டாம்னு சொல்லு, வந்துட்டேன்" என்கிறான். பிலோமினா பின்னால் ஏதோ கேட்கிறாள், இவன் அவளிடம் "அத்தியப்பன் ஊட்டுல வேலைடி" என்கிறான். வண்டிச் சாவிச் சத்தம் கேட்டது. பூசை முடிந்து வேட்டி மாற்றியிருக்கமாட்டான்.

அண்ணா, பத்து நிமிடத்தில் வந்துவிடுவான். கடைசியில் அந்தத் துவைக்கிற கல்லை இருந்த இடத்துக்கே தள்ளிவிடுங்கள். குழாயை மாட்டி, வால்வைத் திறந்துவிட்டுத்தான். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை, நானும் பார்க்கவில்லை. அந்த நூலை எங்கே போட்டீர்கள்? கீழே போட்டுவிடாதீர்கள்! விளையாட்டில்லை அண்ணா. முதலில் அதை எப்படி இருந்ததோ அப்படியே வாஷருக்கு அடியில் சுற்றி வையுங்கள். முடிச்சு அந்தப் பக்கம். உங்கள் கூலியை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வேலைதான் செய்தீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் உங்கள் நம்பரைக் கொடுப்பேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.

ம், இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். இன்னும் கொஞ்சம்.

விழுந்தது. கேட்டதா? போதும்.

பின்பக்கமாகவே போய்விடுங்கள், அவன் வழியில் பார்த்தால் உங்களைத் திட்டுவான். சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது வலதுபக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், தைரியமாகத் தொடலாம். அந்த லைட்டைப் போட்டுவிட்டுப் போங்கள்.